நயினாருக்கு எப்படி இருக்கு?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மசாலாப்பொடிக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக ஆடும் மேசைக் காலுக்கு அடியில் கிடந்தது. இப்போது மேசையை விட எனக்குத்தான் ஆட்டம் அதிகம் என்று உருவி எடுத்துவிட்டேன்.

யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வெள்ளத்துரை. புளியங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடை. படிப்பு பத்தாம் வகுப்பு. பிடித்துப்போனதால் அதை இரண்டு தடவை படித்தேன். ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டாக்கள் என்னிடம் வரிசையாக நிற்கின்றன. எனக்குச் சாம்பார் வைக்க ஒரே ஒரு சட்டி, அதற்கும் பிடி கிடையாது. மனைவி பேச்சியம்மாள் போய் நாலு வருஷம். ஒரே மகள் இசக்கியம்மாள் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர்.

இன்று ஆவணி முதல் நாள். முகூர்த்தங்கள் தொடங்கப்போகின்றன என்று அண்டாக்களை இறக்கிக் கழுவினோம். ஒன்றைத் தூக்கும்போது வலது தொடை அடிவயிற்றோடு சேருகிற இடத்தில் சுரீர் என்றது. குளிக்கும்போது பார்த்தால் அங்கே எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். புளியங்குடிக்காரனுக்கு வேறு எந்தப் பழத்தின் அளவில் வரும்? நம்ம ஊர் மார்க்கெட்டில் குவிவது அதுதானே.

ராத்திரி இசக்கி போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை போன்.

"ப்பா, சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்மா. நீ?"

"ம்."

"வேலை எப்படி?"

"இருக்குப்பா."

குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஏசி அறையிலேயே நின்றால் அப்படித்தான் ஆகும். வைத்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

படுத்தால் உள்ளே போய்விடுகிறது. நின்றால் எட்டிப் பார்க்கிறது. என்னை விட அதற்கு வெளியுலகத்தில் ஆசை அதிகம்.

ஆகஸ்ட் 20, புதன்

பேச்சி இருந்தால் இந்தக் கஷ்டமே கிடையாது. நான் அவளிடம் முணுமுணுப்பேன், அவள் மகளிடம் சொல்லுவாள், மகள் அவளிடம் மருந்து சொல்லுவாள், மாத்திரை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அவள்தான். இசக்கி அறுவை சிகிச்சைப் படிப்பு எடுத்ததும் எனக்கு அந்த வழியாகத்தான் தெரியும். சொந்தக்காரர்கள், "பொம்பளப் பிள்ளைக்குப் பிரசவம் பாக்குற படிப்பு, குழந்தை வைத்தியம் இதெல்லாம் இருக்கும்போது கத்தி எதுக்கு?" என்று கேட்டார்கள். பேச்சி என்னைப் பார்த்தாள். நான், "சரி" என்றேன். மகளின் உயர்படிப்புக்கு நான் செய்த மொத்த உதவி அந்த ஒரு சொல்.

பெற்ற மகளிடம் போய், அதுவும் வயசுப் பிள்ளையிடம், "அம்மா, அப்பாவுக்கு அந்த இடத்துல வீக்கம்" என்று எந்த வாயால் சொல்லுவது? அவள் தினமும் அதைத்தான் பார்க்கிறாள் என்பது தெரியும். ஆனால் அவையெல்லாம் அடுத்தவர்களின் வீக்கங்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று ஒரு பெரிய புத்திசாலித்தனம் செய்தேன்.

அதற்கு முன் ஒரு பெரிய முட்டாள்தனத்தை எழுத வேண்டும். இசக்கி எம்.பி.பி.எஸ். முடித்தபோது பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்தேன். அவள் படம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், ஓரமாகக் கும்பிடு போடும் நான். பாத்திரக்கடை விளம்பரம் என்றால் கீழே போன் நம்பர் போடுவது பழக்கம். அடித்துக் கொடுத்த பையன், "நம்பர் அண்ணாச்சி?" என்று கேட்டான். டாக்டர் படத்துக்கு டாக்டர் நம்பர்தானே என்று அவள் நம்பரையே கொடுத்துவிட்டேன். அடுத்த ஒரு மாதம் ஊரில் உள்ள அத்தனை முட்டுவலியும் அவளைக் கூப்பிட்டது. பாவம், நம்பரை மாற்றினாள். புது நம்பரை என்னிடம் மட்டும் கொடுத்து, "ப்பா, யாருக்கு என்னன்னாலும் நீங்க கேட்டு என்கிட்ட சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து ஊர் நோயெல்லாம் என் வழியாகத்தான் மதுரை போகிறது.

ஆக, இன்னொரு நோயாளியைச் சேர்த்தால் யாருக்குத் தெரியும்? மத்தியானம் கூப்பிட்டேன்.

"தாயி, புதுசா ஒரு சமையல் மாஸ்டர் நம்ம கடைக்கு வந்துபோறாரு. அவருக்கு அடிவயித்துக்குக் கீழ ஒரு வீக்கம்."

"பேரு என்னப்பா?"

பெயரை யோசித்து வைக்கவில்லை. எதிரே மளிகைக்கடை போர்டு தெரிந்தது.

"நயினாரு."

"வயசு?"

"என் வயசுதான் இருக்கும்."

"படுத்தா உள்ள போகுதா?"

"போகுது."

"வெயிட்டு தூக்குவாரா?"

"அண்டா… அண்டாவுல சமைக்குறவரு இல்லையா, தூக்கத்தான் செய்வாரு."

"இருமினா பெருசாவுதா?"

அதை நான் கவனித்ததில்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமிப் பார்த்தேன்.

"ஆமா, ஆவுது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது போலிருக்கிறது என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்ப்பா" என்றாள். "குடலிறக்கம். ஆபரேஷன்தான் வழி. அதுவரைக்கும் அவரு எதையும் தூக்கக்கூடாது. திடீர்னு வீக்கம் கல்லு மாதிரி ஆகி உள்ள போகலன்னா, வலிச்சா, வாந்தி வந்தா, ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது. சொல்லிருவியளா?"

சொல்லிவிடுகிறேன் என்றேன். கண்டுபிடிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

சனிக்கிழமை போன் வந்தது! சனிக்கிழமை அவள் கூப்பிட்டதே கிடையாது.

"ப்பா, நயினாருக்கு எப்படி இருக்கு?"

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்றும் கூப்பிட்டாள், இன்றும் கூப்பிட்டாள். எனக்கு ஒரு ஞாயிறு, ஒரு "சாப்பிட்டியளா". நயினாருக்குத் தினமும் கால் மணி நேரம். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், மலச்சிக்கல் உண்டா, என்ன சாப்பிடுகிறார் என்று கேள்வி மேல் கேள்வி.

"ஊருக்கே சமைக்குதாரு. தனக்குன்னா ரசமும் அப்பளமும்தான்."

"காய் சாப்பிடச் சொல்லுங்கப்பா. கூட யாரு இருக்கா அவருக்கு?"

"யாரும் இல்ல. பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. ஒரே பொண்ணு வெளியூர்ல."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்லல. கூச்சப்படுதாரு. அதுக்கும் வேலை ஜாஸ்தி பாரு."

"அந்தப் பொண்ணு பாவம்ப்பா" என்றாள்.

இன்று கீரை வாங்கிச் சமைத்தேன். நயினார் பேரில் பொய் சொல்லக்கூடாது இல்லையா.

ஆகஸ்ட் 28, வியாழன்

சுடலைமுத்து என் கடையில் இருபது வருஷமாகச் சுமை இறக்கி ஏற்றுகிறவன். இரண்டு நாளாக என்னை ஒரு கரண்டியைக்கூடத் தொட விடுவதில்லை. "நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்கிறான். என்னல திடீர்னு என்று கேட்டால், "சும்மாத்தான். முதலாளின்னா உக்காரணும்" என்கிறான். இருபது வருஷமாகத் தோன்றாத மரியாதை! தீபாவளி வருகிறது, போனஸ் நினைப்பு போலும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இசக்கி சின்னவளாக இருந்தபோது கடையின் பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்துதான் படிப்பாள். உள்ளே இருந்து படித்தால் குரல் கோயில் மணி மாதிரி கும்மென்று வரும். தெருவில் போகிறவர்கள் அண்டா திருக்குறள் சொல்கிறது என்று நின்று பார்ப்பார்கள். கல்யாண வீட்டிலிருந்து பாத்திரம் திரும்பி வந்தால் கரண்டி எண்ணுவது அவள் வேலை. ஒன்று குறைந்தால் விடமாட்டாள். ஒரு தடவை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கே போய், "எங்க ஜல்லிக்கரண்டி எங்க?" என்று நின்றாள். மணமகனே எழுந்து தேடினான். ஊறுகாய் ஜாடிக்குள் கிடந்தது.

ஊருக்கெல்லாம் கல்யாணப் பாத்திரம் கொடுக்கிறேன், உன் வீட்டில் எப்போது அடுப்பு மூட்டப் போகிறாய் என்று கேட்கிறார்கள். சிரித்து வைக்கிறேன். அந்தக் கேள்வியை மகளிடம் கேட்கவும் எக்ஸ்சேஞ்ச் இல்லை.



செப்டம்பர் 2, செவ்வாய்

"ப்பா, நாளன்னைக்கு நயினாருக்கு இங்க பெட்டு சொல்லிட்டேன். கூட நீங்களும் வாங்க."

"வியாழக்கிழமை பெரிய முகூர்த்தம்மா. மாஸ்டர் எப்படி வருவாரு? ஆவணி முடியட்டும்."

"முகூர்த்தத்துக்கு வேற மாஸ்டர் கிடைப்பாங்க."

"சொல்லிப் பாக்கேன். ஒத்துக்கமாட்டாரு."

"ஏன்ப்பா ஒத்துக்கமாட்டாரு?" கெஞ்சுவது போல இருந்தது. முன்பின் தெரியாத ஒரு சமையல்காரருக்காக இந்தப் பிள்ளை இப்படி உருகுகிறது. படிப்பு மனசை இளக்கிவிடும் போல.

ஏன் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நானும் யோசித்தேன். பயம் கிடையாது. ஆபரேஷன் முடிந்து நயினார் நல்லபடியாக எழுந்து நடந்துவிட்டால், புதன்கிழமை சாயங்காலம் போன் அடிக்க என்ன காரணம் இருக்கும்? இந்த வரியை அடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பேனா தீரப்போகிறது, வீணாக்க வேண்டாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நேற்றைக்கு நடந்தது இது.

முகூர்த்தத்துக்கு ஏற்றிவிட்டோம். சுடலை வேனோடு போனான். மண்டபத்திலிருந்து ஒருவர் வந்து, "பாயசத்துக்கு அண்டா பத்தல அண்ணாச்சி" என்று நின்றார். ஆட்டோவில் ஏற்ற ஆளில்லை. ஒரு கை பிடித்தேன். ஒரே ஒரு கை.

வீட்டுக்கு வந்து படுத்தேன். உள்ளே போகவில்லை. கல் மாதிரி இருந்தது. வலி என்றால் அது வேறு வலி. போனை எடுத்தேன்.

"தாயி. நயினாருக்கு… உள்ள போகமாட்டேங்குது."

ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவள் பேசினது நான் இதுவரை கேட்டிராத குரல். பதட்டமே இல்லை. தியேட்டருக்குள் இப்படித்தான் பேசுவாளாக்கும்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பத்தான். அரை மணி நேரம்."

"வாந்தி?"

"இல்ல."

"அந்த எடம் செவந்திருக்கா, கறுத்திருக்கா?"

பார்த்தேன். "இல்ல. சாதாரணமாத்தான் இருக்கு."

"சரி. நயினாரை மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்க. இடுப்புக்கு அடியில ரெண்டு தலையணை. முட்டிய மடக்கிக்கிடட்டும். போட்டு அமுக்கக்கூடாது. மூச்சை மெதுவா விடச் சொல்லுங்க. வயித்தை இறுக்கவேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"கூடவே விடச் சொல்லுங்கப்பா. நான் எண்ணுதேன்."

அவள் எண்ணினாள், நயினார் மூச்சு விட்டார். கண்ணோரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. படுத்திருந்தால் அப்படித்தான் போகும். எவ்வளவு நேரமோ தெரியாது. உள்ளே ஏதோ நழுவினது போல் இருந்தது.

"கொஞ்சம் இளகின மாதிரி இருக்குங்காரு."

"நல்லது. ஆனா இதோட விட முடியாது. வாசல்ல சுடலை மாமா கார் கொண்டு வந்துருப்பாரு. நயினாரை ஏத்திக்கிட்டு வாங்க." போனை வைக்கப்போனவள் மறுபடி கூப்பிட்டாள். "ப்பா, அவருகிட்ட சொல்லுங்க. அவரு பொண்ணு கெளம்பி வந்துகிட்டு இருக்கா."

வாசலில் நிஜமாகவே கார் நின்றது. சுடலை உள்ளே வந்து என்னை அணைத்துத் தூக்கினான்.

"உனக்கு யாருல சொன்னா?"

"பத்து நாளா பாப்பா தெனமும் போன் போட்டுக் கேக்குது அண்ணாச்சி. நயினாருன்னு ஒரு மாஸ்டர் உண்டாம்லா, அவரு எதையும் தூக்காம பாத்துக்கிடணுமாம். நம்ம கடைக்கு எந்த நயினாரு வாரான்னு கேட்டேன். நல்லா யோசிச்சுப் பாருங்க மாமான்னுச்சு. யோசிச்சேன்." பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்தான். "இன்னைக்கு ஒரு நாள் மண்டபத்துக்குப் போயி கண்ணசந்துட்டேன். பாப்பா ஆஸ்பத்திரி ஆள விட்டு போன் போடச் சொன்னதுலதான் கார் புடிச்சு ஓடியாரேன்."

கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் கார் நின்றது. இசக்கி நின்றிருந்தாள். மதுரையிலிருந்து ஏதோ வண்டி பிடித்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். கதவைத் திறந்து ஏறி என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் கார்க் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"நயினாருக்கு எப்படி இருக்கு?"

"வலி கொறஞ்சிருக்கும்மா."

நாடி பிடித்தாள். நாடி பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. திருமங்கலம் தாண்டும் வரை பிடித்துக்கொண்டே வந்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று ஆபரேஷன். உள்ளே வலை வைத்துத் தைப்பார்களாம். மீன் பிடிக்கவா என்று கேட்டேன். பெரிய டாக்டர் சிரித்தார். சொந்தக்காரர்களை அவர்களே வெட்டக்கூடாதாம். அதனால் கத்தி அவர் கையில். இசக்கி என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி. நடுவில் பச்சைத் துணி. அந்தப் பக்கம் நடப்பது நயினாரின் சமாச்சாரம், இந்தப் பக்கம் நானும் அவளும்.

முகமூடி போட்டிருந்ததால் கண் மட்டும் தெரிந்தது. பேச்சியின் கண்.

முடிக்கும்போது ஒரு நர்ஸ் பஞ்சுத்துணிகளையும் கத்திரிகளையும் சத்தமாக எண்ணினார். தலைமாட்டில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. இவளும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு எண்ணி முடிக்காம எங்களை மூட விடமாட்டாங்க" என்றார் பெரிய டாக்டர்.

"ஜல்லிக்கரண்டி உள்ள இருந்துரப் போவுது" என்றேன் நான். அவள் சிரித்தாள். சத்தமாக.

சாயங்காலம் அந்த நர்ஸ் வார்டுக்கு வந்து ஊசி போட்டார். "மேடம் சிரிச்சு ரெண்டு மாசமாச்சு ஐயா" என்றார். என்னம்மா விஷயம் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க" என்று தலையணையைச் சரி செய்தார். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

வீடு வந்தாயிற்று. "கூட வந்து இருக்கவாப்பா?" என்று கேட்டாள். உனக்கு வேலை இருக்கும், போ என்றேன். பெரிய தியாகி.

செப்டம்பர் 14, ஞாயிறு

"நயினாருக்கு எப்படி இருக்கு?"

"நல்லாயிட்டாரு. நடக்குதாரு."

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

வைத்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்க வேண்டாம். எனக்கு எதிலும் நிதானம் கிடையாது.

அந்த "ம்" மட்டும் காதிலேயே நிற்கிறது. ஆகஸ்டிலும் இதே "ம்"தான். நான்தான் ஏசி மேல் பழி போட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

மத்தியானம் போன். புதன்கிழமை!

"ப்பா, ஒண்ணு கேக்கணும். என்கூட ஒரு டாக்டர் இருக்கா." நிறுத்தினாள். "பேரு… செண்பகம்."

பெயர் கண்டுபிடிக்க எனக்கு ஆன அதே நேரம் அவளுக்கும் ஆனது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா. செண்பகத்துக்கு என்ன?"

"ஜூலையில ஒருத்தரு வந்தாரு. லோடு இறக்குறவரு. நயினாருக்கு வந்த அதேதான். யாருகிட்டயும் சொல்லாம ரெண்டு நாள் வலியோட கெடந்திருக்காரு. கூச்சமாம். செண்பகம் தெறந்து பாக்கும்போது உள்ள குடலு கறுத்துப்போயிருந்துச்சு. எல்லாம் சரியாத்தான் செஞ்சா. எண்ணித்தான் மூடினா. மூணாம் நாளு போயிட்டாரு." மூச்சை இழுத்தாள். "அவரு பொண்ணு வெளிய நின்னு, என்கிட்ட ஏன் சொல்லல, என்கிட்ட ஏன் சொல்லலன்னு செண்பகத்தோட கையப் புடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அன்னையில இருந்து செண்பகத்துக்குச் சோறு எறங்கல. தூங்கமாட்டேங்கா. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல."

பேச்சி இருந்தால் அவளுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். நான் பத்தாம் வகுப்பு. இரண்டு தடவை படித்தும் இந்தப் பாடம் அதில் இல்லை.

"அவ வீட்டுல சொல்லலியா?"

"அவங்க அப்பா பாவம்ப்பா. தனியா இருக்காரு. எதுக்கு அவருக்குக் கஷ்டம்னு."

வெகு நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சிக்னல் எங்கேயும் போகவில்லை.

"அவ நாளைக்கு வேலைக்குப் போவாளா?"

"லீவு. ரூம்லதான் இருப்பா."

"அப்ப அவகிட்ட சொல்லு" என்றேன். "நயினாரு கெளம்பி வாராருன்னு."

செப்டம்பர் 18, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு நான் காரணமில்லை, ரோடு.

விடிந்ததும் கடையைத் திறந்து பாத்திரம் தேடினேன். எல்லாமே நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் ஆனவை. மூலையில் ஒரு சின்னத் தூக்குச்சட்டி கிடந்தது. வாடகைக்கு ஆகாது என்று ஒதுக்கியது. இசக்கி பள்ளிக்கூடம் போன நாளில் அவள் பெயர் வெட்டி வைத்தது. இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். பிடியில்லாத சட்டியில் வைத்ததால் விரல் சுட்டுவிட்டது. உப்பு ஒரு கல் கூட.

பஸ் ஸ்டாண்டில் சுடலை மறித்தான். "அண்ணாச்சி, வெயிட்டு தூக்கக்கூடாதுன்னுலா டாக்டர் சொல்லியிருக்கு!"

"அண்டா தூக்கக்கூடாதுன்னுதாம்ல சொன்னாவ. இது கணக்குல வராது."

தூக்குச்சட்டியைப் பிடுங்கி, ஜன்னலோரமாக என்னை உட்கார வைத்து, பிறகு என் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கினான்.

இப்போது போன் வந்தது.

"ப்பா, நயினாரு எங்க வந்துகிட்டு இருக்காரு?"

"கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு. செண்பகத்தைக் கையக் கழுவிட்டு உக்காரச் சொல்லு."